நாலு வயது பெரிய பாவாடை

1

போன மாதம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் வேலை செய்யும் பஸ் கம்பெனிக்கு மருத்துவ இன்சூரன்ஸ் பார்க்கிற ஆபீசிலிருந்து. ஈப்போவுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியும் இங்கிலீஷ் கடிதத்தை நான் பிரிப்பதே இல்லை. என் மகள் லலிதாதான் பிரித்தாள். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிருச்சாம்லா. இனிமே நான் அப்பா கார்டுல இல்லையாம். பேரை எடுத்துட்டாங்களாம்.”

அவளுக்குப் பதினான்கு வயது.

அவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி நின்றபடியே பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனால் பதினெட்டு என்ற எண்ணைப் படிக்க இங்கிலீஷ் எதற்கு? மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேசையில் தோசை இருந்தது. பசியாறாமலே போய்விட்டார்.

“தப்புதானேம்மா? போன் பண்ணிச் சொன்னா மாத்திட்டுப் போறாங்க. எதுக்கு அப்பா மூஞ்சி அப்படி ஆச்சு?” என்றாள் லலிதா.

தப்பு இல்லைடி என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிந்துதான் இருந்தது. அதை நீங்கள் நம்பவேண்டுமானால் நான் ஆறு வருஷம் பின்னால் போய்ச் சொல்லவேண்டும்.

2

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. இரண்டாம் தாரமாகத்தான் கட்டிக்கொடுத்தார்கள். அதில் ஒளிவுமறைவு இல்லை. மாப்பிள்ளை தங்கராசு மலேசியாவில் பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், முதல் சம்சாரம் தவறிவிட்டாள், பிள்ளைகுட்டி இல்லை என்று தரகர் சொன்னார். சொன்ன தேதிக்கு அது உண்மைதான். பொய் சொன்னார் என்று நான் யார் சட்டையையும் பிடிக்கமுடியாது.

மறுவருஷமே பெண் பிறந்தாள். என் அம்மா பெயரை வைக்க ஆசைப்பட்டேன். எதற்கும் குரலை உயர்த்தாத மனுஷர் அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றார். லலிதாதான் என்றார். சரி, சினிமாக்காரி பைத்தியம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவருடைய அக்கா சரசு, சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆவணி முதல் ஞாயிறு, நாங்கள் அங்கே போயாகவேண்டும். வீட்டுச்சாமிக்குப் படையல். பூவாடைக்காரி என்றார்கள். எங்கள் பக்கத்திலும் இது உண்டே, வீட்டில் வாழாமல் செத்த பெண்ணைச் சாமியாகக் கும்பிடுவது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அவர்கள் பூர்வீகமான சேலத்துப் பக்கம் செத்துப்போன யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

படையல் வீட்டில் இல்லை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், ரப்பர் மர நிரையின் கடைசி மரத்தடியில், ஒரு செங்கல் நட்டிருக்கும், அங்கே. சரியாக உச்சிப்பொழுது. ஆவணியில் ரப்பர்க்காய் வெடிக்கும். ஆள் இல்லாத காட்டில் வெயில் ஏற ஏற இங்கே ஒன்று அங்கே ஒன்றாக டப் டப்பென்று கேட்டுக்கொண்டே இருக்கும். யாரோ நடந்து வருகிற மாதிரி இருக்கிறது என்று நான் ஒருமுறை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

முறத்தில் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், ஆட்டுக்கறி, இறால், முட்டை, ஒரு தட்டு நிறைய எள்ளுருண்டை. ரிப்பனைப் பார்த்து, “சாமிக்கு எதுக்குக்கா ரிப்பன்?” என்று கேட்டேன்.

“சின்ன சாமிலா,” என்றார் சரசு அக்கா.

சூடம் காட்டிவிட்டு அக்கா மரங்களைப் பார்த்துக் கூப்பிடுவார். “லலிதா, வந்து சாப்பிடுமா.” என் பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், இவர் எதற்குக் காட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றும். அதற்குள் என் பிள்ளை ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவாள். எள்ளுருண்டையை எங்கள் வீட்டுக்காரர்தான் எடுத்து ஊட்டுவார். வருஷம் முழுக்கப் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டாத மனுஷர். அந்தப் பாவாடை சட்டையையும் அவளுக்கே கொடுத்துவிடுவார்கள்.

ஒரு வருஷமாவது அது அவளுக்குச் சரியாக இருந்ததில்லை. நாலு வயதில் கொடுத்தது எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகும். ஐந்தில் கொடுத்தது ஒன்பது வயதுக்கு. “அளவு எடுத்துத் தைங்கக்கா, துணி வீணாப்போகுது,” என்றேன்.

“அளவு எடுத்துத்தான் தச்சேன்,” என்றார்.

3

ஆறு வயதில் திரும்பிவரும் பஸ்ஸில் அவளுக்கு உதடு வீங்கியது. ஏழு வயதில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி. எட்டு வயதில், பஸ் தாப்பா ஊரைத் தாண்டியதும், மூச்சு நின்று நின்று வந்தது. முகம் நீலம் பாய்ந்துவிட்டது. புண்ணியவான் டிரைவர், மலாய்க்காரர், பாதையை மாற்றி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் பஸ்ஸை நிறுத்தினார். ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்று நர்ஸ் சொன்னாள்.

சரசு அக்கா பார்க்க வந்தார். “பூவாடைக்காரி ஆசையா தொட்டுட்டுப் போறா. ஒண்ணும் பண்ணமாட்டா.” எனக்கு வந்த கோபத்தில், “உங்க சாமியைத் தூரமா நின்னு ஆசைப்படச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டேன். நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஆனாலும் மூன்று வருஷமும் ஒரே ஞாயிறு, ஒரே பாதை என்று எண்ணிப் பார்த்த அன்று ராத்திரி பிள்ளை பக்கத்தில் விளக்கை அணைக்கவில்லை.

கம்பெனி டாக்டர் சூட்டு உடம்பு என்று மாத்திரை கொடுத்தார். நான் ஒரு நோட்டு போட்டு அவள் தின்றதையெல்லாம் எழுதினேன். நடுநடுவே சின்னதாகத் தடிப்பு வரும். சீனன் கடை மீ என்கிற நூடுல்ஸ் சாப்பிட்ட அன்று வந்தது, இறால் என்று நிறுத்தினேன். பேக்கரி ரொட்டி தின்ற அன்று வந்தது, முட்டை என்று நிறுத்தினேன். என் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய இட்லிப்பொடியைக் குழைத்துக் கொடுத்த அன்றும் வந்தது. அம்மா கையால் செய்ததில் என்ன கெடுதல் இருக்கப்போகிறது என்று அதை நோட்டில் எழுதவே இல்லை.

டவுனில் தனியாகக் கிளினிக் வைத்திருந்த ஒரு சீன டாக்டரம்மாதான் நோட்டைப் பொறுமையாகப் பார்த்தாள். ஏதோ ஒரு சாப்பாடு இவளுக்கு விஷம், எது என்று தெரியாமல் அடுத்த தடவையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது, ரத்தம் எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினால் ஒவ்வொரு பொருளாகப் பார்த்துச் சொல்வார்கள் என்றாள். செலவு அவருடைய மூன்று மாதச் சம்பளம். உங்கள் இன்சூரன்ஸில் கேளுங்கள் என்றாள்.

கேட்டோம். முடியாது என்று கடிதம் வந்தது. கம்பெனி டாக்டர் எழுதிக்கொடுக்காத சோதனை, வெளியாளிடம் செய்வது, ஏற்கமுடியாது. கம்பெனி டாக்டரோ சூட்டுக்கு எதற்குச் சோதனை என்கிறார். மறுபடி மனுப் போடலாம் என்றேன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தார்.

“விட்ரு. தோண்டாத.”

“என்னத்தைத் தோண்டுறேன்? பிள்ளை சாகக் கிடந்தா, உங்களுக்குக் கையெழுத்துப் போட வலிக்குதா?”

ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. பிறகு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்து போனார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவனைப் பற்றி நம் ஊரில் என்னென்ன சொல்வோமோ, அதையெல்லாம் அன்றைக்கு மனசுக்குள் அவரைச் சொன்னேன்.

4

இரண்டாவது கடிதமும் வந்தது. அவர் படித்துவிட்டு, “முடியாதாம்,” என்று கிழிக்கப்போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் பஸ் ஏறி இன்சூரன்ஸ் ஆபீசுக்கே போனேன்.

அங்கே கவுன்டரில் டேவிட் என்று ஒருவர். தஞ்சோங் மாலிம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வேதக்காரர், என்னைவிடப் பெரியவர். தமிழில் பேசியதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஃபைலை எடுத்து வந்து புரட்டினார்.

“அக்கா, இது பழைய சீக்குன்னு சொல்லி ரிஜெக்ட் பண்ணிருக்காங்க. உங்க மகளுக்கு மூணு வயசுலயே இதே மாதிரி வந்திருக்கு. நீங்க மனு பாரத்துல எழுதலை.”

“மூணு வயசுல இவளுக்கு ஒண்ணும் வரலையே அண்ணே.”

“தோட்டத்து ஆஸ்பத்திரி சீட்டு இருக்கே. உங்க வீட்டுக்காரர் பேருக்கு அவங்களே அப்பவே அனுப்பிருக்காங்க.” நிமிர்ந்து பார்த்தார். “லலிதா தங்கராசு. பன்னெண்டு வயசு. சரிதானே?”

“எட்டு வயசு.”

அவர் மறுபடி ஃபைலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆபீசில் நாலைந்து பேர் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு ரப்பர்க்காய் வெடிப்பது போலக் கேட்டது.

“கலியாணம் எப்பக்கா ஆச்சு?”

சொன்னேன். அந்தச் சீட்டில் இருந்த தேதி நான் கப்பல் ஏறிய அதே வருஷம், இரண்டு மாதம் முந்தி. ஆவணி மாதம்.

டேவிட் அண்ணன் சீட்டை வரிவரியாகத் தமிழில் சொன்னார். தோட்டத்து டிரெசர், அதாவது ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர், பென்சிலில் எழுதியது. பெண் குழந்தை, மூன்று வயது. உதடும் கண்ணும் வீக்கம், மூச்சுத் திணறல். தகப்பன் கொண்டுவந்த எள்ளுருண்டை தின்ற பிறகு. மருந்து கொடுத்து வீக்கம் வற்றியது. கடைசி வரி, இருக்கச் சொல்லியும் தகப்பன் கேட்டுக்கொண்டதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டது.

“அதுக்கப்புறம்?” என்றேன்.

“அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லக்கா. ஒம்பது வருஷம் கழிச்சு உங்க மனுதான் இருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து அந்த வருஷத்துப் பாவாடையை எடுத்தேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. கூப்பிட்டு இடுப்பில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லலிதா டியூஷனுக்குப் போனபிறகு, பாவாடையையும் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். கத்தவேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் பாவாடையைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கத்த வரவில்லை.

முதல் சம்சாரம் பிரசவத்திலேயே போய்விட்டாள். பிள்ளையைச் சரசு அக்கா தோட்டத்தில் வளர்த்தார். இவர் மாதம் ஒரு ஞாயிறு ஈப்போவிலிருந்து போய்ப் பார்ப்பார். கடைசி மாதம்தான் முதல்முதலாக ஒரு பொட்டலம் எள்ளுருண்டை வாங்கிப்போனார். ஒன்றைத் தின்றதும் வீங்கியது. அவ்வளவு சின்னப் பண்டத்தால் வரும் என்று யாருக்குத் தெரியும்? காட்டுக்காற்று, முனி அடித்துவிட்டது என்றார்கள்.

“டிரெசர் இருன்னாரு. வீக்கம் வத்திருச்சு, சிரிச்சா. அக்கா பூசாரிகிட்டக் காட்டலாம்னுச்சு. தூக்கிட்டு வந்தேன்.” அவர் பாவாடையின் கரையை நீவிக்கொண்டே பேசினார். “நிரைக்குள்ள வாரப்ப, அப்பா, உருண்டைன்னா. சட்டைப் பையில மிச்சம் ஒண்ணு இருந்துச்சு. அழுதுட்டு வந்த பிள்ளை கேக்குதேன்னு குடுத்தேன்.”

கடைசி மரத்தடிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. அங்கேயேதான் புதைத்தார்கள்.

அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று தோன்றியது, அறையவேண்டும் என்றும் தோன்றியது. “எங்கிட்ட ஏன் சொல்லலை?” என்றேன்.

“யார்கிட்டயுமே சொல்லலை. கம்பெனியில பேரை எடுக்க ஒரு பாரம் இருக்கு. வாங்கி எழுதப் போனேன். காரணம்னு ஒரு கோடு போட்டிருந்தான். அதுல எழுத முடியலை. அப்படியே வச்சிட்டேன். அப்புறம் இவ பொறந்தா. செத்த பிள்ளை பேரை அடுத்ததுக்கு வச்சா அதே பிள்ளை திரும்பி வரும்னு தோட்டத்துல சொல்லுவாங்க. பேரும் அங்க ஏற்கெனவே இருக்கு. ஒண்ணும் எழுத வேணாம்லா.”

சரசு அக்கா பாவாடைக்கு அளவெடுப்பது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம். மூத்த லலிதா பிறந்த அதே வாரம் பிறந்தவள். அவள் வளர வளர செத்தவளுக்கும் துணி நீண்டது.

நான் ஒன்றுதான் சொன்னேன். “வருஷா வருஷம் அவளுக்கு வச்ச எள்ளுருண்டையை இவளுக்கு ஊட்டினீங்களே.”

அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். அந்த முகத்தை நான் எழுதமாட்டேன்.

6

டாக்டரம்மாவிடம் போய் எள் என்று சொன்னேன். அவள் எள்ளை அரைத்து லலிதாவின் கையில் ஒரு சொட்டு வைத்து ஊசிமுனையால் கீறினாள். கால்மணி நேரத்தில் அந்த இடம் இலந்தைப்பழம் அளவுக்குக் கிளம்பியது. அந்தச் சோதனைக்கும் காசு தரமுடியாது என்று மூன்றாவது கடிதம் வந்தது. சிங்கப்பூருக்கு ரத்தம் போகவே இல்லை. எங்களுக்கு வேண்டிய பதிலை அவர்கள் மறுத்து எழுதிய கடிதத்திலேயே வாங்கிக்கொண்டோம். இன்றைக்கும் நினைத்தால், மூன்று வயதுப் பிள்ளை ஒன்பது வருஷம் ஒரு ஆபீஸ் அலமாரியில் காத்திருந்து தங்கச்சிக்குச் சொன்ன மாதிரி இருக்கிறது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை.

ஊரிலிருந்து வருகிறவர்கள் நல்லெண்ணெய் டின்னோடு வந்தால் நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். திமிர் பிடித்தவள், ஊர் எண்ணெய் நாறுகிறதாம் என்று பேசிக்கொள்கிறீர்கள். காதில் விழுந்தது. சீனன் கடை மீயில் ஊற்றுவதும் அதே எண்ணெய், ரொட்டிமேல் தூவுவதும் அதே எள். இட்லிப்பொடியில் இருந்ததும் அதுதான். கண்ணுக்கு முன்னால் இருந்ததை நான் நோட்டில் எழுதவில்லை.

ஃபைலை மட்டும் சரிசெய்யவில்லை. டேவிட் அண்ணனே, “இப்பக் கிளறினா, இல்லாத பிள்ளைக்கு இத்தனை வருஷம் கார்டு எதுக்கு வச்சீங்கன்னு கேப்பான். பேசாம போங்கக்கா,” என்றார். இவருக்கும் எழுதத் தெம்பில்லை. தோட்டத்துப் படையலுக்கும் நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். லலிதாவிடம் எள் ஆகாது என்று மட்டும் சொல்லிவைத்தோம். ஃபைலில் ஒரே பெண் இருந்தாள், அவளுக்கு நாலு வயது கூடுதலாகவே இருந்தது.

7

இப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்து, பேரை எடுத்துவிட்டார்கள்.

இருக்கிறவளுக்குக் கார்டு இல்லை. போன வருஷம்கூடப் பள்ளிக்கூட கேன்டீனில் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கார்டு வேண்டுமானால் ஒரே வழிதான் என்றார் டேவிட் அண்ணன். தலை நரைத்து இன்னும் அதே கவுன்டரில் இருக்கிறார். மூத்தவள் இறந்ததைத் தகப்பன் தன் வாயால் சொல்லிச் சத்தியம் செய்து எழுதித்தரவேண்டும். எங்கே, எப்போது, எதனால்.

அவர் மூன்று ஞாயிறு எழுதாமல் தள்ளினார். நாலாவது ஞாயிறு நான் லலிதாவை எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேச்சில் பாதி மலாய். எதைச் சொன்னாலும் லெச்சேலா, அதாவது தொல்லை, என்பாள். அன்றைக்கு எழுந்துபோய்த் தன் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு அப்பா முன்னால் வைத்தாள்.

“தமிழ்ல எழுதுங்கப்பா. நான் பக்கத்துல இருக்கேன்.”

எழுதினார். ஒரு பக்கம்கூட வரவில்லை. காரணம் என்ற இடத்தில், ‘எள்ளுருண்டை. இரண்டு தடவையும் நான்தான் கொடுத்தேன்’ என்று இருந்தது. டேவிட் அண்ணன் அதை இங்கிலீஷில் எழுதும்போது அந்த இரண்டாவது வாக்கியம் தேவையில்லை என்றார். இருக்கட்டும் என்றார் இவர். பதினெட்டு முடிந்தது என்ற கடிதத்தை ஆபீசில் திருப்பிக் கேட்டார்கள். ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் கொடுத்தார். “அவ வளந்துட்டான்னு எழுதின ஒரே சூராட்டு இதுதான்,” என்றார். சூராட்டு என்றால் இங்கே கடிதமும் அதுதான், பத்திரமும் அதுதான்.

நேற்று ஆவணி முதல் ஞாயிறு. தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டுவிட்டார்கள், மரமும் இல்லை, செங்கல்லும் இல்லை. அதனால் எங்கள் வீட்டுச் சமையல்கட்டிலேயே படையல். சரசு அக்கா பை ஒன்றோடு வந்தார். உள்ளே புடவை. பதினெட்டு வயதாயிற்றே. இந்த ஆறு வருஷமும் அளவெடுப்பதை அவர் விடவே இல்லை. இவர் அந்தக் கடித நகலைப் புடவைமேல் வைத்தார்.

லலிதா எள்ளுருண்டை இல்லாமல் காலியாக இருந்த தட்டைப் பார்த்தாள். “அக்காவுக்கு என்னப்பா வைக்கலாம்? வேற என்ன பிடிக்கும்?”

அவர் வாயைத் திறந்தார். மாதம் ஒரு ஞாயிறு, மூன்று வருஷம். சரசு அக்காவைப் பார்த்தார். அக்கா அழுதுகொண்டிருந்தார்.

“தெரியலம்மா,” என்றார். “எனக்குத் தெரியாது.”

பிறகு லலிதா, தனக்குப் பிடித்ததே அவளுக்கும் பிடிக்கும் என்று சொல்லி, முனைக்கடையில் குவே லாப்பிஸ் வாங்கிவரச் சொன்னாள், அடுக்கடுக்காக இருக்கும் மலாய்க்காரர் பலகாரம். நான்தான் போனேன். உச்சிவெயில், தெருவில் ஆள் இல்லை. கடைக்கார அம்மா பொட்டலம் கட்டும்போது, இதில் எள் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். இல்லை என்றாள். மறுபடியும் கேட்டேன்.

“யாருக்கு ஆகாது?” என்றாள்.

“என் ரெண்டு பிள்ளைக்கும்,” என்றேன்.